காசு போடாமல் கேட்கிற போன்

அந்த நம்பரை இல்லாமல் ஆக்கியது நீர்தான். புயல் இல்லை, கடல் இல்லை, போன் ஆபீஸ்காரன் இல்லை. நீர். கோயில் கமிட்டிச் செயலாளர், இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காருகிறவர். ஊர் முறைக்கு உம்மை மாமா என்றுதான் இதுவரை கூப்பிட்டிருக்கிறேன். இதில் கூப்பிடப் போவதில்லை.

உமக்கு இந்தக் கதை தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் முதலில் இருந்து சொல்கிறேன்.

எனக்கு வலது கால் போலியோவில் சூம்பிப் போனது. அந்தக் காலுக்காக அரசாங்கம் எனக்கு ஒரு டெலிபோன் பூத் கொடுத்தது. களியக்காவிளையில் பஸ் மாறி, கடலைப் பார்த்து வந்தால் ரோடு முடிகிற இடத்தில் எங்கள் ஊர். மீன்பிடி ஊர். கோயில் என்றால் எங்களுக்குச் சர்ச், அது மேட்டில் இருக்கிறது. கீழே கரையில் இருக்கிற கோயில் மண்டபத்தின் வெளிச்சுவரை ஒட்டி என் கடை. உள்ளே வெளியூர் பேசுகிற போன். வெளியே, சுவரில், காசு போட்டுப் பேசுகிற இரும்புப் பெட்டி.

காசு போன் என்றால் பலரும் மளிகைக் கடை மேசையில் இருந்த மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டியைத்தான் நினைப்பார்கள். இது அதற்கு முந்தினது. தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். முழுக்க இரும்பு. நெற்றியில் காசு போடும் துளை, நடுவில் விரலை விட்டுச் சுற்றுகிற வட்டு, கீழே காசு விழுகிற பூட்டிய அறை. மணி அடித்தால் கடற்கரையில் வலை தைக்கிறவனுக்குக் கேட்கும். யாராவது ஓடிவந்து எடுப்பார்கள். எடுத்தவர் அந்த வீட்டு ஆளைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். ஊருக்கே அது ஒன்றுதான் போன்.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அலை வந்தது. நான் பூசைக்காக மேட்டுக் கோயிலில் இருந்ததால் பிழைத்தேன். என் தம்பி முந்தின நாளே கொச்சிக்குப் போயிருந்தான், அதனால் பிழைத்தான். அப்பன் எங்கள் சின்ன வயதிலேயே போனவர். அம்மை அன்றைக்கு வீட்டில் இருந்தாள்.

தம்பி வந்து மண்ணைத் தோண்டித் தோண்டித் தேடினான். அம்மை கிடைக்கவில்லை. அந்த இரும்புப் பெட்டிதான் கிடைத்தது. தென்னைமர வேர்களுக்குள் தலைகீழாகக் கிடந்ததாம். தோளில் தூக்கி வந்து, எங்களுக்குக் கொடுத்திருந்த தகரக் கொட்டகையின் வாசலில் போட்டான்.

"இந்தா, ஒனக்க போன். இதாவது இருக்கட்டும்" என்றான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி தோண்டப் போனான்.

போன் ஆபீசிலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள். பெட்டியைக் காலால் ஒரு உருட்டு உருட்டிவிட்டு, "இது கண்டம், இனி ஒதவாது. எழுதித் தள்ளியாச்சு. புதுசு வந்தா தாறோம்" என்றார்கள். புதுசு வரப்போவதில்லை என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. எழுதித் தள்ளிய பெட்டியை நான் வைத்துக்கொள்ளவா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வைத்துக்கொள் என்றார்கள்.

எனக்கு அதற்கு முன்னால் ரிப்பேர் வேலை ஒன்றும் தெரியாது. காசு சிக்கிக்கொண்டால் குச்சியை விட்டுக் குத்துவேன், அவ்வளவுதான். கொட்டகையில் செய்ய வேலை இல்லை. அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு முடியவில்லை. திருப்புளி ஒன்று கடன் வாங்கி அதைத் திறந்தேன். உள்ளே இருந்து மண்ணும் ஒரு சின்ன நண்டும் வந்தன.

முதலில் வெயிலில் காயவைத்தேன். அது தப்பு. மறுநாள் பார்த்தால் பித்தளையெல்லாம் பச்சை பூத்து நின்றது. கடல்தண்ணீர் காய்ந்தால் உப்பு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், அது கிடந்து தின்றுகொண்டே இருக்கும். அப்புறம் நிவாரண லாரியில் வந்த நல்ல தண்ணீரில் ஒரு வாளி எடுத்து, ஒவ்வொரு துண்டாக முக்கி முக்கிக் கழுவினேன். குடிக்கிற தண்ணீர். வரிசையில் நின்றவர்களுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏட்டி, போனுக்கு ஞானஸ்நானம் குடுக்கியா? என்ன பேரு வச்சிருக்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒனக்க மாப்பிளைக்க பேருதான். அதும் வாயத் தொறக்காது" என்றேன்.

அந்தக் கொட்டகை வரிசையில் அலைக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்தவளே பிறகு அழுதாள், அது வேறு.

கழுவினதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பல் தேய்க்கிற பிரஷ், உப்புத்தாள், துணி. உப்பைத் தேய்த்து எடுக்க உப்புத்தாள் என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு எரிச்சலான சிரிப்பு வந்தது. ரிசீவரை மாட்டுகிற கொக்கிக்குப் பின்னால் மெல்லிய தகடுகள் இருக்கும். அவை ஒன்றையொன்று தொட்டு விலக வேண்டும். அவை கறுத்துப்போய் ஒட்டிக் கிடந்தன. அவற்றைப் பிரித்துத் தேய்க்கவே பல நாள் ஆனது. பேசுகிற வாய்க்குள் இருக்கும் கரி வில்லை ஊறிக் களியாகியிருந்தது. நாகர்கோவிலில் பழைய இரும்புக்கடைகள் இருக்கிற தெருவில் காலை இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, உடைந்த போன் ஒன்றிலிருந்து ஒரு வில்லையும் ஒரு மணிச்சுருளும் பிடுங்கி வாங்கி வந்தேன்.

லைன் வாங்கப் போனபோது முகவரி கேட்டார்கள். எனக்கு வீடு இல்லை. கடையும் இல்லை. இல்லாத வீட்டுக்கு எப்படி லைன் தருவது என்றார்கள். கடைசியில் அப்போதிருந்த பங்குச் சாமியார், "கோயில் பேர்ல வாங்குங்க, பழைய நம்பரையே கேளுங்க" என்றார். அப்படித்தான் லைன் கோயில் பேருக்குப் போனது. பழைய ஆறு எண்கள் அப்படியே கிடைத்தன. பழுதாகாமல் நின்ற மண்டபச் சுவரில், பழைய இடத்திலேயே, தம்பி சிமென்ட் குழைத்துப் பெட்டியைப் பதித்தான். பக்கத்திலேயே எனக்கு ஒரு சின்னக் கடையும் போட்டுத் தந்தான். லைன் கோயில் பேரில் இருப்பதால் என்ன வந்துவிடப் போகிறது என்று அன்று எல்லோரும் நினைத்தோம்.

இனி அந்தப் போனின் குணத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது.

நம்பரைச் சுற்றினால் அந்தப் பக்கம் மணி அடிக்கும். எடுத்தவர் பேசுவது நமக்குக் கேட்கும். ஆனால் நாம் பேசுவது அவருக்குப் போகாது. காசை உள்ளே தள்ளிய பிறகுதான் நம் குரல் போகும். காசு போடாவிட்டால் அவர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பார், நாம் கேட்டுக்கொண்டு நிற்கலாம். மற்ற ஊர்களில் இது ஒரு இடைஞ்சல். எங்கள் ஊர்ப் பெண்கள் அதை ஒரு வழியாக்கிக்கொண்டார்கள்.

எங்கள் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். கொச்சியிலோ மங்களூரிலோ கரை பிடித்து, ஐஸ் ஏற்றி, மீண்டும் போய்விடுவார்கள். அவர்கள் கையில் செல்போன் வந்தது, பெண்கள் கையில் வரவில்லை. அதனால் இவர்கள் காசு போடாமல் கூப்பிடுவார்கள். அவன் திரையில் நம்பரைப் பார்ப்பான். எடுத்ததும் ஹலோ சொல்லமாட்டான். நேராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்குவான். வந்துட்டோம், சுகம்தான், மீன் பரவாயில்லை, பயலுக்குக் காய்ச்சல் விட்டுச்சா, செரி வைக்கேன். இவள் கேட்டுக்கொண்டு நிற்பாள். இதற்கு ஊமை போடுகிறது என்று பெயர். "மக்கா, ஒரு ஊமை போட்டுட்டு வாறேன்" என்று உலையை வைத்துவிட்டு ஓடிவருவார்கள். சத்தமில்லாத போன் வந்தால் எங்கள் ஊர் ஆள் யாரும் வைக்கமாட்டார்கள். அந்தப் பக்கம் நம்மவர் ஒருவர் காதை வைத்து நிற்கிறார் என்று அர்த்தம். பேசுவார்கள். சின்னப் பிள்ளைகூடப் பேசும்.

புதிதாகக் கல்யாணமான ஒருத்தி ஒருமுறை ஊமை போட வந்தாள். கூடவே அவள் அம்மாவும். மணி அடித்ததும் மகளுக்கு வெட்கம். ரிசீவரை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் மருமகன் பெண்டாட்டிதான் நிற்கிறாள் என்று ஆரம்பித்துவிட்டான். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அம்மா, என்ன சொல்லுதாவ?"

"சவம், இத நான் எப்பிடி ஒனக்குச் சொல்லுவேன்? நீயே பிடி."

"காசப் போட்டு நிறுத்தச் சொல்லுங்கம்மா!"

"காசிருந்தா நான் ஏன் ஊமை போடப் போறேன்?"

நான் கடையிலிருந்து ஒரு ரூபாயை எறிந்தேன். காசு விழுந்த சத்தம் அடங்கியதும் மாமியார் நிதானமாகச் சொன்னாள்: "மருமவனே, நான்தான் நிக்கேன். மிச்சத்த நேர்ல வந்து சொல்லும்." அவன் அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஊருக்கே வரவில்லை.

என் தம்பிக்கும் நான் ஊமைதான் போடுவேன். காசுக்கு என்னிடம் பஞ்சமில்லை, போனே என்னுடையது. அவன்தான் போடவிடமாட்டான். "காசு போடாத கேட்டியா? போட்டா நீ பேசுவ. ஒனக்கு வாயில்லாத நேரம் எனக்கு இது ஒண்ணுதான்" என்பான். அப்புறம் மூச்சுவிடாமல் பேசுவான். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவன், ஊமைக்கு மட்டும் பேசுவான். சுறா வெட்டினதைச் சொல்லுவான், கூட வேலை செய்கிறவனின் குறட்டையைச் சொல்லுவான், அம்மையைப் பற்றி ஒரே ஒருமுறை சொன்னான். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காசு கையில் இருந்தது. போடவில்லை.

அந்த ஆறு எண்களும் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். படகின் ஸ்டியரிங் அறைக்குள், ஜெபமாலை தொங்குகிற ஆணிக்குக் கீழே, எங்கள் பக்கத்து எஸ்.டி.டி. கோடோடு சேர்த்துப் பெயிண்டில் எழுதி வைத்திருப்பார்கள். கடலில் என்ன ஆனாலும், எந்தக் கரையில் ஏறினாலும், இந்த நம்பருக்குப் போட்டால் ஊரில் ஒருவர் எடுப்பார்.

ஒரு ரூபாய்க் காசை அரசாங்கம் சின்னதாக்கியபோது அந்தப் பெட்டி திணறியது. புதுக் காசு எதிலும் முட்டாமல் நேராகக் கீழே விழுந்துவிடும், குரல் திறக்காது. பவுடர் டப்பாத் தகட்டை வெட்டி, காசு இறங்குகிற பாதையில் ஒட்டிப் பாதையைக் குறுக்கினேன். தகடு கொஞ்சம் அதிகமானால் காசு நின்றுவிடும், கொஞ்சம் குறைந்தால் ஓடிவிடும். வாசலில் உட்கார்ந்து ஒரே காசை எத்தனை முறை போட்டு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. சரியாக்கினேன். அதற்குள் எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. என் கடையில் ரீசார்ஜும் மிட்டாயும் விற்றேன். பெட்டியில் காசு விழுவது அபூர்வமானது. ஆனால் மணி மட்டும் அவ்வப்போது அடித்தது. செல்லைக் கடலில் தவறவிட்டவன், சார்ஜ் போனவன், புது சிம் போட்டு வீட்டு நம்பரை இழந்தவன் எல்லோரும் அதற்குத்தான் கூப்பிட்டார்கள். என் நம்பரே எனக்கு ஓர்மையில்லை. மலிவாகத் தருகிறான் என்று நானும் சிம்மை மாற்றியிருந்தேன். தம்பியின் செல்லில் நான் 'அக்கா' என்ற பெயர். பெயருக்குப் பின்னால் என்ன எண் என்று அவனுக்கும் தெரியாது.

அப்புறம் கோயிலுக்கு நூற்றாண்டு வந்தது. நீர் செயலாளர் ஆனீர்.

மண்டபத்தில் பழைய பொருள் கண்காட்சி வைக்கப்போகிறோம் என்று என் கடைக்கு வந்தீர். பழைய கட்டுமரம், மீன் சுமக்கிற பனைநார் மால், ஆட்டுக்கல் எல்லாம் சேர்த்தாயிற்று என்றீர்.

"ஒனக்க காசுப் பெட்டியையும் வைக்கணும் மக்கா. நல்லாப் பளபளப்பாக்கித் தா. பெருநாள் முடிஞ்சதும் அதே சுவத்துல மாட்டிரலாம்."

"லைன அறுக்கப்பிடாது" என்றேன்.

"அறுப்பேனா? எனக்க படகுலயும் அந்த நம்பர்தானே எழுதியிருக்கு!"

நான் நம்பினேன். இரும்பைச் சுரண்டினேன். மேலே பல தடவை அடித்த பெயிண்டெல்லாம் உரிந்து, அடியில் அது முதலில் இருந்த சாம்பல் நிறம் தெரிந்தது. அதே நிறத்தைக் கடைக்காரனோடு சண்டை போட்டுக் கலந்து வாங்கி அடித்தேன். வட்டில் அழிந்துபோன எண்களை ஊசியால் கீறி மையிட்டேன். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தேன். மணியைக் கழற்றித் துடைத்துச் சத்தத்தைச் சரிபார்த்தேன். சுனாமிக்குப் பிறகு செய்ததைவிட நன்றாகச் செய்தேன். நீர் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே லைட் போட்டு, 'பழங்காலத் தொலைபேசி' என்று எழுதி ஒட்டினீர். மறைமாவட்ட ஆயர் வந்து பார்த்துவிட்டு உம் தோளைத் தட்டினார்.

பெருநாள் முடிந்தது. பெட்டி கண்ணாடிக்குள்ளேயே இருந்தது. அது இருந்த சுவரில் டைல்ஸ் ஒட்டி, நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்தீர். முதல் பெயர் உம்முடையது. டைல்ஸுக்கு மேலே வயரின் முனை மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நான் என் செல்லிலிருந்து அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். மணி போனது. லைன் உயிரோடு இருந்தது. பெட்டியைக் கொடும், அல்லது ஒரு சாதா போனையாவது அந்த முனையில் மாட்டி என் கடைக்குள் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"கமிட்டியில பேசிட்டுச் சொல்லுதேன்" என்றீர்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மறுபடி கேட்டேன். மழைக்காலம் தொடங்கும்போது மறுபடி கேட்டேன். அன்றைக்கு நீர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. "ஏட்டி, இப்ப ஆருக்கு வேணும் காசு போன்? லைன் அங்கனதான் கெடக்கு, நம்பர் எங்க ஓடிப்போவும்?" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டீர். வயர் முனையைப் பார்த்தேன், அது அங்கேதான் இருந்தது. அதனால் அதையும் நம்பினேன். லைன் கிடக்கிறது, போன் திரும்ப வந்துவிடும் என்று தம்பியிடமும் சொன்னேன்.

அந்த வருஷம் நவம்பர் கடைசியில் புயல் வந்தது.

அதைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள். ரப்பர் மரமும் வாழையும் சாய்ந்ததை எல்லோரும் படம் பிடித்தார்கள். எங்கள் ஆண்கள் அதற்குமுன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கரண்ட் போனது, செல்போன் கோபுரங்கள் செத்தன. கையில் இருந்த செல்லெல்லாம் வெறும் கண்ணாடி ஆனது. கன்னியாஸ்திரி மடத்தில் இருந்த லைன் போன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வயர் மண்ணுக்கடியில் வந்தது. என் பெட்டிக்கு வந்ததும் அதே வயர்தான். பெண்களெல்லாம் மடத்து வராந்தாவில் போய்க் கிடந்தோம். ஆனால் மடத்து நம்பர் கடலில் இருந்த எவனுக்கும் தெரியாது.

என் தம்பி போன படகு உடைந்தது. அவனும் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனும் ஒரு மிதவையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். கப்பல் ஒன்று தூக்கியது. வடக்கே எங்கேயோ, மகாராஷ்டிராப் பக்கம், ஒரு துறைமுக ஊரில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தது. இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். ஆபீஸ் ஆபீஸாகச் செய்தி சுற்றி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, உயிரோடு இருக்கிறான் என்ற செய்தியும் இறந்துவிட்டான் என்ற செய்தியும் சேர்ந்தே வந்தன.

அடக்கம் முடிந்த பிறகு அந்தப் பக்கத்து ஊர்ப் பையன் என்னைப் பார்க்க வந்தான். முகத்தில் தோல் உரிந்து, புதுத் தோல் வந்துகொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான்.

"அவனுக்குச் சத்தம் வரலக்கா. கத்திக் கத்தி, உப்புத்தண்ணி குடிச்சு, தொண்டை போயிருச்சு. காத்து மட்டுந்தான் வந்திச்சு. ஆஸ்பத்திரியில துடைக்க வாற ஆளுக்க போனக் கேட்டு வாங்கினான். அவனே நம்பர அழுத்தினான். யோசிக்கவே இல்ல, விரலு தன்னால போச்சு."

"எந்த நம்பர்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

"உங்க ஊரு காசு போன் நம்பர். உங்க ஆளுவ எப்பளும் சொல்லுவாவல்லா, அதுதான். மணி போச்சு. ஆரோ எடுத்தாவ. இவன் காதுல வச்சிட்டுக் கெடந்தான். ஹலோ ஹலோன்னுட்டு வச்சிட்டாவ. திரும்பப் போட்டான். திரும்ப வச்சிட்டாவ. பொறவு அந்தத் துடைக்கிற ஆளே வாங்கி இந்தியில பேசினாரு. அப்பவும் வச்சிட்டாவ. நான் எந்திரிச்சுப் போய்ப் பேசலாம்னா, எனக்குக் கையில குழாய் குத்தியிருக்கு, கட்டில் தூரம். அவன் அழல. அந்தப் போனப் பாத்துட்டே இருந்தான். 'ஏன் பேசமாட்டேங்கான்'னு கேக்கிற மாதிரி என்னப் பாத்தான். மறுநாள் மூச்சு வாங்கிச்சு. அவ்வளவுதான்."

அவன் போனபிறகு நான் என் செல்லை எடுத்து அந்த ஆறு எண்களைப் போட்டேன். மணி போனது. ஒரு ஆண் குரல் எடுத்தது. பெயிண்ட் கடை.

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். மேலே ஜங்ஷனில் புதிதாகத் திறந்த கடை. கடைக்காரருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். கனெக்‌ஷன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, போன் ஆபீசில் கொடுத்த நம்பர் என்றார். புயல் சமயத்தில் சத்தமில்லாமல் போன் ஏதும் வந்ததா என்று கேட்டேன்.

"வந்திச்சுக்கா. ரெண்டு மூணு தடவ. எடுத்தா சத்தமே இல்ல. பொறவு ஒருத்தன் இந்தியில என்னமோ சொன்னான். லோன் குடுக்கிற கம்பெனின்னு நெனச்சு வச்சிட்டேன். கடக்கூரை பறந்து கெடக்கு, அந்த நேரத்துல... ஏன்க்கா, ஆரு அது?"

சொன்னேன். அவர் கல்லாவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர் வெள்ளைச் சிமென்ட் கேட்டுக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியாதேக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்? சத்தமில்லாத போனை வைப்பதுதான் உலகத்து வழக்கம். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒரு சோடா வாங்கி வரச்சொல்லி நான்தான் அவருக்குக் கொடுத்தேன்.

அந்தப் போன் எங்கள் சுவரில் அடித்திருந்தால் ஊரில் யாராவது எடுத்திருப்பார்கள். சத்தம் இல்லை என்றதும் விளங்கியிருக்கும். ஊமை, நம்ம ஆளு, உயிரோட இருக்கான் என்று ஊரே கத்தியிருக்கும். என்னைத் தூக்கிக்கொண்டாவது வந்து நிறுத்தியிருப்பார்கள். அவனுக்கு வாயில்லாத நேரம் அது. நான் பேசியிருப்பேன். கட்டிலில் கிடந்து அவன் கேட்டுக்கொண்டிருந்திருப்பான். பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது, நுரையீரலில் தண்ணீர் என்றார்கள். நான் அதைச் சொல்லவில்லை. அவன் கூப்பிட்டு ஊர் வைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு செத்தான். அதைத்தான் சொல்கிறேன்.

போன் ஆபீசுக்கும் போனேன். கோயில் செயலாளர் நேரில் வந்து இந்த லைன் வேண்டாம் என்று சொல்லி விட்டுக்கொடுத்தார், நாங்கள் நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்தோம் என்றார்கள். அவர்களுக்கு அது ஒரு நம்பர்.

இதை ஊரில் நான் சொல்லத் தொடங்கியதும் நீர் என் வீட்டுக்கு வந்தீர், இருட்டின பிறகு, தனியாக. விதி என்றீர். நம்ம கையில என்ன இருக்கு மக்கா என்றீர். என் கையில் ஒன்றும் இல்லை, உம் கையில் ஆறு எண் இருந்தது என்றேன். அதற்கு, "வேணும்னா அந்தப் பெட்டிய எடுத்துக்க. கண்ணாடியோட தாறேன்" என்றீர்.

"நம்பரத் தாரும்" என்றேன்.

"அதெப்பிடித் தர?"

"அப்ப எழுந்து போம்."

போனீர். வாசலில் நின்று, "இதப் பெருசாக்காத. ஊரு ரெண்டுபடும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனீர். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் வண்டியை வேறு சந்தில் திருப்புகிறீர். பிள்ளைகள் மண்டபத்துக்குள் போய் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று செல்பி எடுக்கிறார்கள். நான் மண்டபத்துக்குள் போவதில்லை. திருப்புளியை எடுத்து எந்த இயந்திரத்தையும் திறப்பதும் இல்லை. என்னவாவது பழுது என்று கொண்டுவருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கடையில் மிட்டாய் விற்கிறேன். என் செல்லில் தெரியாத நம்பர் வந்து சத்தமில்லாமல் இருந்தால், வைக்காமல் பேசுகிறேன். சிம் கம்பெனிக்காரிகள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் மைக்கில் எல்லாவற்றையும் சொல்லுகிறோம். ஆடு காணாமல் போனால் சொல்லுகிறோம். மீன் குத்தகை யாருக்கு என்று சொல்லுகிறோம். குழாயில் எப்போது தண்ணீர் வரும், யார் வீட்டுத் தேங்காயை யார் எடுத்தது, எல்லாம் சொல்லுகிறோம். நூற்றாண்டுக்கு யார் எத்தனை மூட்டை சிமென்ட் கொடுத்தார் என்று நீர் வாரக்கணக்கில் வாசித்தீர். ஊர் நம்பரை விட்டுக்கொடுக்கப் போவதை மட்டும் மைக்கில் சொல்லவில்லை. ஒரு வாரம் சொல்லியிருந்தால் போதும். வேண்டாம் என்று யாராவது எழுந்து நின்றிருப்பார்கள். இல்லாவிட்டால் படகுக்காரர்கள் பெயிண்டைச் சுரண்டி வேறு நம்பர் எழுதியிருப்பார்கள். அவனுக்கு வேறு ஆறு எண் தெரிந்திருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் பெண்கள் பக்கத்து முதல் வரிசையில் இருப்பேன். கடலில் ஆளைக் கொடுத்த மற்றவர்களும் இருப்பார்கள். நீர் எழுந்து மைக்குக்கு வாரும். யாரிடம் கேட்டு விட்டுக்கொடுத்தீர்? எதற்காக விட்டுக்கொடுத்தீர்? வண்டியை நிறுத்தாமல் "லைன் அங்கனதான் கெடக்கு" என்று என்னிடம் சொன்னீரே, அன்றைக்கு அது கிடந்ததா, அதற்கு முன்பே விட்டுவிட்டீரா? எனக்கு மன்னிப்பு வேண்டாம், பெட்டி வேண்டாம், வீட்டுக்கு வந்து குசுகுசுக்க வேண்டாம். ஊர் கேட்க, மைக்கில், வாயைத் திறந்து பதில் சொல்லும்.